கிடை போட்ட நிலம்

விடிந்து பார்த்தால் நிலமெங்கும் வெள்ளைத் திட்டுகள். இன்பமணி குனிந்து ஒரு திட்டைக் கிள்ளிப் பார்த்தாள். நேற்று மாலைவரை செக்கச்செவேலென்று கண்குளிரக் கிடந்த நிலம். உரத்துக்காக ராத்திரி முப்பிடாதிக் கோனாரின் ஆடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போட்டிருந்தாள். ஆடு சும்மா படுக்காது. முன்னங்காலால் தரையைப் பறித்துவிட்டுத்தான் படுக்கும். அப்படிப் பறித்த இடமெல்லாம் நாலு விரற்கடைச் செம்மண்ணுக்குக் கீழே குவாரிக் கழிவு பல்லிளித்தது.

சுண்ணாம்புக்கல் வெட்டும் கம்பெனி, பருத்தி விளைந்த அவள் கரிசல் காட்டில் சக்கையைக் கொட்டி ஐந்து வருஷமாகிறது. அப்புறம் அங்கே எருக்குகூட முளைக்கவில்லை. ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசுக்கு மனுவும் கையுமாக நடையாய் நடந்து கால் தேய்ந்த பிறகு, போன மாசம்தான் கம்பெனிக்காரர்கள், கழிவை அள்ளிச் செம்மண் பரப்பிவிட்டோம், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றார்கள். கரிசல் போய்ச் செம்மண் வந்தாலென்ன, மண் மண்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதோடு நின்றாளா? அறுப்பின் பண்டிகையன்று சபை நடுவே எழுந்து, அந்த வேலையை நடத்திய சூப்பர்வைசர் அருமைநாயகத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். அவனும் அதே கோயிலுக்கு வருகிறவன்தான். தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள் பாவி. இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சேதி கேட்டு அவன் ஜீப்பில் வந்து இறங்கினான்.

“யாருக்கா இங்கன ஆட்டை அடைக்கச் சொன்னா? போட்ட மண்ணைப் பூராவும் கெடுத்து வச்சிருக்கிய.”

“கிடை போடாம எப்படி வெதைக்க? ஆடு பறிக்காட்டா ஏரு கெளப்பிருக்காதா?”

“மேலாப்புல உழணும்.”

“பருத்தி வேரும் மேலாப்புலதான் போகுமோ?”

அவன் ரோட்டைப் பார்த்தான். “நாளைக்குத் தாசில்தார் பாக்க வாராவ. சாயங்காலம் ரெண்டு லாரி மண்ணு அனுப்பி மூடிருதேன். ஆட்டை மட்டும் கெளப்பிருங்க. அவுக சரின்னுட்டா இந்த வழக்கு முடிஞ்சிரும்.”

“அப்புறம் இதுல ஒண்ணும் வெளையலைன்னா யாருகிட்ட போவேன்?”

“எனக்கும் மேல ஆளு இருக்குக்கா” என்று முனகிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுத்த ஆட்டைத் திருடன் வைது விட்டுப் போகிறான்.

சொன்னபடி சாயங்காலம் லாரிகள் வந்தன. ஆட்கள் மண்ணை இழுத்து நிரவினார்கள். பொழுது சாயும்போது நிலம் மறுபடியும் கல்யாண வீடுபோல் ஜோராக இருந்தது. ரோட்டோரம் முப்பிடாதிக் கோனார் கிடையைச் சுற்றி நட்டிருந்த படல்களை அடுக்கிக் கட்டி, மேய்ச்சலுக்குப் போய்வந்த ஆடுகளை அடுத்த காட்டுக்குப் பத்தத் தயாராக நின்றார்.

“எங்க போறீரு கோனாரே? படலை நடும்.”

“இங்கனயா தாயி? உரத்துக்கு ஒரு ராவு போதுமே.”

“உரத்துக்கு இல்ல.”

கோனார் புது மண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படல்களின் கட்டை அவிழ்த்தார்.

முதல் ஆடாக ஒரு கிழட்டுச் செம்மறி உள்ளே போனது. மண்ணை மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் பறிக்க ஆரம்பித்தது. இன்பமணி படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலைந்து பறிப்பில் வெள்ளை தெரிந்தது. ஆடு அதன்மேல் முழங்காலை மடக்கிச் சாவகாசமாகப் படுத்தது.