பள்ளத்தில் உட்கார்ந்தவன்

விஜயராணி சாயா கிளாஸை என் முன்னால் வைத்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அவுக குடிச்சிருந்தாகளா?”

மாரிக்கண்ணன் இறந்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. மும்பை சீத்தா கேம்பில் என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கல்லிதான், ஒரு சின்னச் சந்து. அதைத் தாண்டி வர எனக்கு இத்தனை நாள் பிடித்தது. பிணம் எடுத்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றதெல்லாம் வந்ததில் சேராது.

“ஏம்மா அப்படிக் கேக்க?”

“டிரெயினிங் குடுத்தும் பள்ளத்துல போயி உக்காந்துட்டாருன்னு கம்பெனியில எழுதியிருக்காக. வேலை நேரத்துல எதுக்கு உக்காரணும்? போதையில உக்காந்துட்டான்னுதான் கல்லி பூரா பேசுதாக. ரெண்டு வருசமா தொடலன்னு இந்தப் பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாக. என்னைய ஏமாத்தியிருந்தா சொல்லிருங்க. அழுறத நிப்பாட்டிருதேன்.”

மகள் அடுப்போரம் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். நான் வந்ததிலிருந்து பக்கம் திரும்பவில்லை. எனக்கு விடை தெரியும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் சாயாவைக் குடித்தேன்.

இருபது வருடம் நானும் மாரிக்கண்ணனும் ஐஸ் ஃபேக்டரிகளில் அம்மோனியா லைனில் பைப் ஃபிட்டர்கள். அந்த வேலையில் மூக்குதான் மீட்டர். நெடி அடித்தால் நனைத்த துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்துவிட வேண்டும். அம்மோனியா மேலே போய்விடும். எங்கள் கல்லியில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம்தான் அந்தப் புது வேலை வந்தது. செம்பூருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை. புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியாகக் கொண்டுபோய் பூமிக்கடியில் பாறைக்குள் அடைத்து வைப்பதற்கு வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலே வராது என்றார் வகுப்பெடுத்த இன்ஜினியர். “நம்ம ஊர்ல பேயத்தான் பாய் இப்பிடி அடிச்சு எறக்குவாக,” என்று மாரிக்கண்ணன் என் காதில் சொன்னான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இது காற்றைவிடக் கனம், நெடி இருக்காது, பள்ளத்தில் தேங்கும், கசிந்தால் உடனே மேலே ஏறிவிடுங்கள் என்று இன்ஜினியர் தெளிவாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். மாரிக்கண்ணன் நெஞ்சளவுப் பள்ளத்தில் நின்று போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான். நான் மேலே சாரத்தில் இருந்தேன். பக்கத்து வால்வு சீறியது. வெள்ளையாகப் புகை கிளம்பி ஏணியை மறைத்தது. அவன் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிவிட்டான். ஒரு எம்பு எம்பினால் வெளியே. அப்போது என் முகத்தைப் பார்த்தான்.

“ஏறாதல மாரி. துண்ட நனைச்சிக்கிட்டு உக்காரு,” என்று கத்தினேன்.

நான் எங்கே கத்தினேன், இருபது வருடம் கத்தியது. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கையை எடுத்தான். பாட்டில் தண்ணீரைத் துண்டில் கவிழ்த்தான். உட்கார்ந்தான். சும்மா நின்றிருந்தால்கூடத் தலை பள்ளத்துக்கு வெளியே இருந்திருக்கும்.

அவராகவா உட்கார்ந்தார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான் சாரத்தில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். வேலை போய்விடும் என்று பயப்படவில்லை. இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். என்னைப் போல ஒரு கோழை இந்தக் கேம்பிலேயே கிடையாது.

“அவன் குடிக்கலம்மா,” என்றேன்.

“அப்பம் எதுக்கு உக்காந்தாக?”

வாய் திறப்பதற்குள் நெடி வந்தது. கல்லி முனையில் உள்ள ஐஸ் ஃபேக்டரி மாதம் ஒரு தரம் இப்படிக் கசியும். “நீச்சே பைட்டோ, நீச்சே பைட்டோ” என்று, கீழே உட்காரச் சொல்லி, வெளியே யாரோ இந்தியில் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் சொல்லாமலே மகள் எழுந்தாள். மூன்று துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்தாள். விஜயராணியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

“இரிங்கண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான?”

எனக்கு முட்டி மடங்கவில்லை. கண் எரிந்தது.

“அவனும் இப்பிடித்தாம்மா உக்காந்தான். ஏறத்தான் வந்தான். நான்தான் உக்காரச் சொன்னேன்.”

விஜயராணி முகத்திலிருந்து துண்டை எடுத்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள். நெடி அவள் தலை உயரத்தில்தான் அடர்ந்து கிடந்தது. உட்காரச் சொல்ல வேண்டும். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நேராக நின்றாள்.