எந்த எலும்புக்குக் கீழே

மணியம்மாள் விழுந்தது சொந்தக் கடையிலேயேதான். ராபர்ட்சன்பேட் கடைத்தெருவில் அவர்களுடைய எவர்சில்வர் பாத்திரக் கடையின் பின்பக்கம் ஒரு படி இறங்க வேண்டும். இடது பாதம் அந்தப் படியில் தட்டிவிட்டது. அண்டாக்களுக்கு நடுவே சாய்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டையொட்டி எலும்பு உடைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து கம்பி வைத்தால்தான் நடக்கலாம் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு அவள் சரி என்றாள். முதுகில் ஊசி போட்டு மரக்க வைப்பார்கள் என்றதும் முடியவே முடியாது என்றுவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் மமதா ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. அன்று முதுகில் ஊசி இறங்கியபோது மணியம்மாளின் இடது காலுக்குள் கரண்ட் அடித்தது போல ஒன்று ஓடியது. மரத்தது தெளிந்த பிறகும் அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. யாராவது கேட்டால், "இவள பெத்ததுல போன காலு" என்பாள். கோபமாக அல்ல, விலாசம் சொல்வது போலச் சொல்வாள். மமதா அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்து, படித்து, இப்போது ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள்.

முழு மயக்கம் கொடுத்துவிடுங்கள் என்று மணியம்மாளின் கணவர் கோவிந்தராஜ் கேட்டுப் பார்த்தார். மயக்க டாக்டர் இந்து தயங்கினாள். மணியம்மாளுக்கு நாள்பட்ட ஆஸ்துமா. தொண்டையில் குழாய் விட்டு மயக்கினால், பிறகு அந்தக் குழாயை எடுப்பதே கஷ்டமாகிவிடலாம் என்றாள். அவளும் பக்கத்திலேயே சாம்பியன் ரீப்ஸில் பிறந்து வளர்ந்தவள்தான். சுற்றி வளைத்துப் பேசாமல் மணியம்மாளின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வேணாம்னா குத்த மாட்டேன்மா. குத்தாம, ஸ்கேன் வெச்சி முதுக மட்டும் பாக்கறேன். வயித்துல குழந்தை பாப்பாங்களே, அதே மிஷின்தான். பாத்த பிறகு நீங்களே சொல்லுங்க."

பார்ப்பதற்கென்ன, பார்க்கட்டும் என்று மணியம்மாள் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை தியேட்டருக்கு முன்னால் இருந்த அறைக்குக் கொண்டுபோனார்கள். உடைந்த இடுப்போடு அவளைத் திருப்ப முடியாது என்பதால், முதலில் தொடை ஆரம்பிக்கும் இடத்தில் நரம்பு மரக்க ஒரு ஊசி போட்டாள் இந்து. சிறிது நேரத்தில் வலி தணிந்தது. விழுந்ததிலிருந்து அப்போதுதான் மணியம்மாள் பயமில்லாமல் மூச்சை இழுத்து விட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மமதாவை உள்ளே விட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்கேன் மிஷினின் திரை மணியம்மாளுக்கு எதிரிலேயே இருந்தது.

இந்து பின்னால் நின்று, இடுப்பெலும்புகளை விரலால் தடவிப் பார்த்து, முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கையால் பார்த்தால் ஊசி போடும் இடம் இதுதான் என்றாள். பிறகு ஜெல்லி தடவினாள். ஜில்லென்றது.

திரையில் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதற்கு மேலே, ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக எலும்புகள். நீளமாக இருப்பதுதான் அடி எலும்பு, அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்று இந்து விளக்கினாள். எண்ணினாள். நிறுத்திவிட்டு, மறுபடியும் அடியிலிருந்து எண்ணினாள்.

"இன்னா?" என்றாள் மணியம்மாள்.

"நான் போட்ட கோடு ரெண்டு எலும்பு மேல இருக்குதும்மா. உங்க உடம்பு வாகுக்குக் கைக்கு சரியா அகப்படல. மிஷின் இல்லன்னா நானும் அங்கதான் குத்தியிருப்பேன். தண்டுவடம் முடியற இடம் அது. அதுக்கு நல்லா கீழதான் போடணும்."

மணியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் இருந்த மமதாவின் கை அசையவில்லை.

"அன்னிக்கும் அப்டித்தான் ஆச்சா?"

இந்து ஸ்கேன் கருவியை முதுகிலிருந்து எடுத்தாள். "நான் அங்க இல்ல, அடிச்சி சொல்ல முடியாது. ஆயிருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். கால்ல அப்படி கரண்ட் ஓடுச்சின்னா அது ஊசியால வந்தது. குழந்தை பொறந்ததால இல்ல."

மணியம்மாளுக்கு மகளின் முகம் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. கையைத் தூக்கி, தன் தோளில் இருந்த விரல்களைத் தொட்டாள்.

"நீ போம்மா. அப்பா காலைலேர்ந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டாரு. பாரு" என்றாள். பிறகு பின்னால் நின்ற இந்துவிடம், "போடுங்க" என்றாள்.

வெளியே கோவிந்தராஜ் என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று மட்டும் சொன்னாள் மமதா. அவள் மறுபடி மறுபடி கதவைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணி அவளை உட்கார வைத்தார்.

ஊசி இறங்கும்போது மணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கரண்டுக்காகக் காத்திருந்தாள். ஓர் அழுத்தம் மட்டும் வந்தது. பின்பு இரண்டு காலும் கதகதவென்று ஆகி, பாரமாகி, தன்னுடையவை இல்லை என்பது போல ஆயின. தியேட்டரில் அவர்கள் எலும்பில் தட்டும் சத்தத்தை யாருடைய வீட்டிலோ நடக்கும் மராமத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

சாயங்காலம் உணர்ச்சி திரும்பியது. வலது கால் முழுதாக வந்தது. இடது கால் கணுக்கால் வரை வந்து, பழைய இடத்திலேயே நின்றுகொண்டது. அதற்கு மேலும் கொஞ்சம் வரும் என்று தான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பார்க்க வந்த இந்துவிடம், இனிமேல் இது சரியாகுமா என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்து ஆகாது என்றாள் இந்து. மணியம்மாள் தலையை ஆட்டிவிட்டு, கஞ்சி எப்போது கொடுப்பார்கள் என்று விசாரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மமதா லீவை நீட்டிக்கொண்டாள். அந்த அறையில் பேசியதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மகள் குனிந்து அம்மாவின் இடது பாதத்துக்கு எண்ணெய் தடவும்போது, மரத்த இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று முதல்முறையாகக் கேட்டாள். மணியம்மாள் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.