கையைத் தூக்கிய டிஜே

"அண்ணே, கையைத் தூக்கி ஆடுங்கண்ணே! கூட்டம் உங்களைப் பாக்குது, நீங்க மெஷினையே பாக்குறீங்க."

"கையைத் தூக்கினா அடுத்த பாட்டை யாருடா சேக்கிறது, உன் மாமனாரா?"

"தூக்கலேன்னா அடுத்த வாரம் வேற ஆளுண்ணே."

கிளப் மேனேஜர் இப்படிச் சொன்னதும், ஹவுஸ் மியூசிக் என்னும் நடன இசையை இடைவெளி விடாமல் ஓட்டும் தலை நரைத்த டிஜே வேலைக்குப் பயந்து இரண்டு கைகளையும் தூக்கினார். ஓடிய பாட்டு முடிந்தது. அடுத்ததைச் சேர்க்கக் கை இல்லாமல் அரங்கமே அமைதியானது. மானம் போச்சே என்று பதறி அடுத்த பாட்டைத் தட்டிவிட்டார். அந்த அமைதியை அவர் வேண்டுமென்றே செய்த வித்தை என்று நினைத்த கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

"இதுதாண்ணே தொழில்! வாராவாரம் பண்ணுங்க!" என்று குதித்தான் மேனேஜர்.

வேலை தப்பியது. பாட்டோடு பாட்டைப் பிசிறில்லாமல் கோத்த இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவருக்காக இப்படிக் கத்தியதில்லை. அடுத்த வாரமும் அவர் கையைத் தூக்கலாமா? உங்கள் பதிலைக் கீழே எழுதுங்கள்.