ஷெமியின் அரைப் பரீட்சை

1

பிடரி வலிக்கிறது. செங்கல் சுமந்து வளர்ந்த கழுத்து. எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் முறையிடும். இந்தக் கதையைத் தந்த செல்லபாய், கழக்கூட்டத்தில் கட்டிடங்கள் எழும்பிய நாளில் என்னோடு கல் சுமந்தவள். "எழுது. ஆனா என்ன நல்லவளாக்கி எழுதாத, கேட்டியா" என்றாள்.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஷெமி பஸ் படியிலிருந்து…' (வேண்டாம். அன்று வெயில்.)

நேராகவே சொல்கிறேன். 1998இல் செல்லபாயின் மகள் ஷெமி, பத்தாம் வகுப்புக்காரி, பஸ்ஸிலிருந்து விழுந்தாள். மண்டைக்குள் ரத்தம் கட்டியது. சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் திரும்பினாள். நடந்தாள், சிரித்தாள். ஆபரேஷன் தழும்பை முடி மூடிவிட்டது. யாருக்கும் அவள் நோயாளியாகத் தெரியவில்லை. இரண்டு பீரியட் தாண்டினால் எழுத்தெல்லாம் வெறும் கோடாகிவிடும். தூங்கிப்போவாள்.

3

கணக்கு டீச்சர் சூடாமணியை நான் நம்பவில்லை. இப்படி ஒருத்தியை நான் படித்த பள்ளியில் கண்டதில்லை. [ஒரு கெட்ட குணம் சேர்க்க வேண்டும்.] சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தையல் அறையில் பாய் விரித்து ஷெமியைப் படுக்கவைத்தவள் அவள்தான். மாதிரித் தேர்வில் தேறினால்தான் அரசுத் தேர்வுக்கு அனுப்புவார்கள். கணக்கை இரண்டு நாளில் பாதிபாதியாக எழுதவிடும்படி தலைமையாசிரியர் லிங்கத்திடம்* கேட்டாள்.

"மத்த பிள்ளைகளும் கேக்கும் டீச்சரே."

"அதுகளும் மண்ட ஒடஞ்சு வரட்டும் சார், குடுப்போம்."

லிங்கம் சிரித்துவிட்டார். சம்மதித்தார்.

(* கெட்டவர் இல்லை. தேர்ச்சி குறைந்தால் மேலிடம் அவரைத்தான் கேட்கும்.)

4

இதை எழுதக் கை வரவில்லை. எங்கள் வேலையில் புதியவளுக்கு முதல் நாள் ஆறு கல். பிறகு நாளுக்கு ஒன்று கூட்டுவார்கள். கழுத்து இறுகிவிடும். மூளையையும் அப்படித்தான் பழக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள் செல்லபாய். தினமும் ஒரு கணக்குக் கூட்டினாள்.

"அவள தூங்கவிடுங்க" என்று சூடாமணி சொல்லிப் பார்த்தாள்.

"தூங்கினா மூள ஒறஞ்சு போவும் டீச்சரே. எனக்குத் தெரியாதா?"

பரீட்சையன்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுகூட ஒரு கணக்கு.

முதல் பாதியில் கொஞ்சம் எழுதிவிட்டு ஷெமி மேசையில் தலை சாய்த்தாள். எச்சில் தாளில் வழிந்தது. [இந்த வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.] லிங்கம் தாளைப் பார்த்தார்.

"பின்ன மத்த பாதி எதுக்கு டீச்சரே? வேற ஒரு பிள்ளைக்கும் இல்லாத சவுகரியம் குடுத்தாச்சில்லியா."

மறுநாள் ஷெமியை உள்ளே விடவில்லை.

5

முடிவு ஒன்று: அடுத்த வருடம் தேறுகிறாள். பொய். முடிவு இரண்டு: தாயோடு வேலைக்குப் போகிறாள். செல்லபாய் கேட்டால் தாளைக் கிழித்துப்போடுவாள். முடிவு மூன்று: செல்லபாயும் சூடாமணியும் ஒருத்தியை ஒருத்தி மன்னித்து…

முடிக்கமாட்டேன். ஷெமி வீட்டில் இருக்கிறாள். "மத்த பாதி எப்பம்மா?" என்று இன்னமும் கேட்கிறாளாம். உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு அரைப் பரீட்சை தர வேண்டும். இன்னும் தரவில்லை.