பாரம் என்றொரு கட்டம்

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, நகரமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில், நாற்பத்திரண்டு பக்க அறிக்கை ஒன்று மேசையை முறித்துக்கொண்டு தரையில் விழுந்தது. அதன் எடை முந்நூற்றுப் பதினெட்டு கிலோ. படியேறி அதைக் கொண்டுவந்த நான்கு சுமைதூக்கிகள், இதற்குப் பியானோவே தேவலை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அறிக்கையைத் தயாரித்தது ஒரு சுவிசேஷ சபையின் ஆய்வுப் பிரிவு. ஆய்வுப் பிரிவு என்றால் ஜெப மண்டபத்துக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஓர் அச்சுப்பொறி, கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. யார் எதைச் சொன்னாலும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பவர் என்பதால் சபையார் அவரைச் சதவீத அக்கா என்றார்கள். ஆற்றோரக் குடியிருப்பில் இருந்த குழந்தைகள் நல நிலையத்தை மூடிவிடலாம் என்று நகரமன்றம் எண்ணியிருந்தது. அங்கே பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கிறார்கள், நான்கு கிலோமீட்டரில் இன்னொரு நிலையம் இருக்கிறது என்பது காரணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஆறு வாரத்துக்குள் எழுதித் தரலாம். சபை ஒன்பது வருடமாக அந்தக் குடியிருப்புக்கு ஞாயிறு மாலைகளில் பாடப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவிக்க நினைத்தார். “பண்ணுவோம் பாஸ்டர். ஆனா எண்ணிக்கிட்டே பண்ணுவோம்,” என்றார் அக்கா.

நிலையத்துச் செவிலியின் பதிவேட்டில் எடை குறிக்கும் கட்டத்துக்குப் பாரம் என்று பழைய காலத்துத் தலைப்பு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அக்காவும் தன் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு அதையே வைத்தார். பக்கத்தில் கிலோ என்று போட இடம் போதவில்லை. செவிலி இரவல் கொடுத்த தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, சபையின் தொண்டர்கள் இருபத்துநான்கு பேரையும் அதில் ஏற்றிக் குறித்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக அனுப்பினார். சபையின் பேச்சில் பாரம் என்பது எடை இல்லை. ஒருவரை நினைத்து மனம் கனத்தால் அவர்மேல் எனக்குப் பாரம் இருக்கிறது என்பார்கள். மூன்று வாரம் கழித்து, குழந்தைக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் திரும்பி வந்தன. கடைசிக் கட்டத்தில் ஒரு எண்கூட இல்லை. “இந்தப் பிள்ளை கதவு திறக்கும் போதெல்லாம் அப்பாவா என்று பார்க்கிறது.” “இருமல். அம்மா கேட்காத மாதிரி இருக்கிறாள், கேட்டால் வேலைக்குப் போக முடியாது.” தொண்டர்களில் ஒருவரான தையல்காரர் ஒரு படிவத்தில் “ரொம்ப” என்று மட்டும் எழுதியிருந்தார்.

“அப்ப தராசு எதுக்குக் குடுத்தேன்?” என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அதுல ஏத்தி எறக்குனா புள்ளைங்க சிரிக்குதுக்கா. அதுக்குத்தான்னு நெனச்சோம்,” என்றார் தையல்காரர். பதினைந்து வருடக் கூன் நிமிர்ந்து, மூன்று மூன்று படியாகத் தாவி அவர் மாடிக்கு வந்ததை அக்கா அப்போதுதான் கவனித்தார். எல்லோரையும் மறுபடி தராசில் ஏற்றினார். தலைக்குப் பதின்மூன்றேகால் கிலோ குறைந்திருந்தது. படிவக் கட்டின் கீழே தரைப்பலகை வளைந்திருந்தது. கட்டை நிறுத்து, குறைந்ததை இருபத்துநான்கால் பெருக்கிப் பார்த்தபோது கணக்கு சரியாக வந்தது. அது முதல் காற்றடிக்கும் நாட்களில் தொண்டர்கள் பெரிய எழுத்து வேதாகமத்தைத்தான் கையில் எடுத்துப் போனார்கள்.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. லேசாகிவிட்ட கால்களோடு தொண்டர்கள் மறுபடி போனார்கள். மூன்று வாரத்து வேலை நான்கு நாளில் முடிந்தது. இந்த முறை கிலோவில் எழுதினார்கள், அது ஒரே பக்கத்தில் அடங்கியது. முதல் பதில்களைத் தூக்கிப் போட அக்காவுக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லும் விடாமல் தட்டச்சு செய்தார். செய்யச் செய்யப் படிவங்கள் வெறும் தாளாகிவிட்டன, கனம் முழுவதும் அறிக்கைக்கு வந்தது. எண்கள் இருந்த பக்கத்தை இணைப்பாகத் தனியே வைத்தார். அது ஒரு தாளின் எடைதான் இருந்தது.

மேசை முறிந்த பிறகு நகரமன்றக் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “சபைக்கு ஆள் சேக்க இது ஒரு வழியா?”

“நான் சபைக்காரி இல்ல சார்,” என்றார் பின்வரிசையிலிருந்த செவிலி. “எனக்குத் தராசு வைக்க ஓர் எடம் வேணும். அவ்ளோதான்.”

அறிக்கை கதவை மறித்துக் கிடந்தது. அதை நகர்த்தாமல் யாரும் சாப்பிடப் போக முடியாது. குழுவின் செயலாளர் குனிந்து எட்டிய அளவில் முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்தார்; அந்த வரி லேசாகி, அவருடைய செருப்பின் குதி தரையில் ஒரு நூல் அமிழ்ந்தது. வழி புரிந்துவிட்டது. உறுப்பினர்கள் ஏழு பேர், தலைக்கு ஆறு பக்கம் என்று பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து படித்தார்கள். நான்கு மணிக்கு அறிக்கையைச் செயலாளர் இரண்டு விரலால் எடுத்து அலமாரியில் வைத்தார். தலைவர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. “இதுல எடை கொறஞ்ச புள்ளைங்க நூத்துக்கு எத்தனை?” என்று கேட்டார். சபையில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு அக்கா பார்த்ததில்லை. “முப்பத்திநாலு சார்,” என்று இணைப்பை நீட்டினார். தலைவர் அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, நிலையத்தை மூடச் சம்மதமுள்ளவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். ஒருவராலும் உயர்த்த முடியவில்லை. தலைவர் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

உறுப்பினர்களுக்கு ஏறிய எடை இறங்கவில்லை. யாரும் மருத்துவரிடம் போகவுமில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு தலைவர் செவ்வாய்க்கிழமைகளில் நிலையத்துக்கு வருகிறார். பிள்ளைகளைத் தராசில் ஏற்றி இறக்குகிறார். கூட்ட அறைக்கு ஏழு இரும்பு நாற்காலிகள் வாங்கப்பட்டன. சபையின் படிவத்தில் இப்போது எடை என்று ஒரு கட்டமும் பாரம் என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. நிலையம் திங்கள் முதல் சனி வரை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது.