பூத்தண்ணீர் பட்ட சுவர்

“சுவத்துக்குக்கூட இஸ்திரி போடுவாங்களாப்பா?”

தாரணி இதைக் கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். வாடகை வீட்டுக்கு எதிரே ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் ஈரப் பூச்சின் மேல் மரக்கட்டையை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா கண்ணு, கசங்காம இருக்கணுமில்ல” என்றார் சேகரன்.

“கசங்குனா என்ன? சுவரு என்ன ஆபீசுக்கா போகுது?”

அன்று அவர் சிரித்ததோடு சரி. பல வருடங்கள் கழித்து, மைசூரு ரிங் ரோட்டைத் தாண்டிய ஒரு லேஅவுட்டில் சொந்த வீட்டின் செங்கல் சுவர்கள் எழுந்து நின்றபோது, அந்தக் கேள்வி திரும்பி வந்தது. வெளிச் சுவர்களை வழவழப்பாக்க வேண்டாம், கையால் அள்ளி வீசிய மண் போலக் கரடாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

கொத்தனார் வேறு யாருமில்லை, மனைவி வடிவின் பெரியப்பா மகன் சிவகுமார். சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து வந்து மைசூருவில் வேலை செய்பவன். பின்பக்கச் சுவரில் மாதிரிக்கு மூன்று கட்டம் பூசிக் காட்டினான். ஒன்றைச் சீப்பால் கீறியிருந்தான். ஒன்றை விளக்குமாற்றால் இழுத்திருந்தான். மூன்றாவதில் கலவையைக் கரண்டியிலிருந்து சுண்டி வீசி, சற்று இறுகியதும் ஈரத் தூரிகையால் லேசாகத் தடவி விட்டிருந்தான். சாயங்கால வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்து பார்த்தார்கள். தாரணி ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தட்டினாள்.

வடிவுக்கு மனம் ஒப்பவில்லை. “ஏனுங்க, ஊர்ல இருந்து வர்றவங்க பூச வக்கில்லாம பாதியில உட்டுட்டாங்கம்பாங்க.”

“சொல்லட்டும். ஒரு டம்ளர் காப்பி குடுத்தா மறந்துருவாங்க.”

முன்சுவரை வீசி முடித்த அன்று சேகரன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“என்னடா இது?”

சிவகுமார் தலையைச் சொறிந்தான். “வீசித்தான் உட்டேன் மாமா. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா மனசு கேக்கல. கை தன்னால தேய்ச்சிருச்சு. நாளைக்கு எவனாச்சும் பாத்து, வேலை தெரியாதவன்னு சொல்லிப்புட்டா?”

வடிவு அவனுடைய மணியாஸ் கட்டையை, பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் அந்த மரக்கட்டையை, சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். “இனி எப்புடித் தேய்க்கிறான்னு பாக்கறேன்” என்றாள். அதன் பிறகு சுவர்கள் கரடாகவே நின்றன. அவளுக்கும் அது பிடிக்கத் தொடங்கியிருந்தது என்று சேகரன் நினைத்துக்கொண்டார்.

கடைசியாகக் கிழக்குச் சுவர். ஒரே லோடு மணல், ஒரே கலவை, காவிப்பொடி ஒரே அளவு. நடுவில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும் என்பதால் விடியலில் தொடங்கி ஒரே மூச்சில் வீசினார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் பசவராஜ் தன் இடத்தில் சாரம் நட அனுமதித்திருந்தார். அவரும் மனைவியும் தேவராஜ மார்க்கெட்டில் பூ வியாபாரம். மத்தியானம் வீடு திரும்பியவர் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

“ஏன்ரீ சேகரன்! உங்க சுவத்துல ஒட்டுனத விட எங்க சுவத்துலதான் ஜாஸ்தி ஒட்டிருக்கு!”

“உங்களுக்குக் கூலி வேண்டாங்ணா, இனாம்” என்றான் சாரத்தின் மேலிருந்து சிவகுமார்.

பசவராஜ் சிரிக்கவில்லை. யுகாதிக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தார். சந்தன நிறச் சுவரெங்கும் காவித் தெறிப்புகள். போதாததற்குச் சாரக்கம்பு இடித்து ஒரு மூலை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

“நாளைக்கே சொரண்டிச் சரி பண்ணித் தந்தர்றேங்க” என்றார் சேகரன். பசவராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலமே மார்டள்ளியிலிருந்து போன் வந்தது. சிவகுமாரின் அப்பா இறந்துவிட்டார். கரண்டியைக் கழுவக்கூட நேரமில்லை. கிடைத்த காரில் எல்லோரும் ஏறினார்கள்.

ஹனூர் தாண்டும்போதுதான் சேகரனுக்குச் சுவர் ஞாபகம் வந்தது. புதுப் பூச்சு ஒரு வாரமாவது ஈரத்தில் இருக்க வேண்டும். அதுவும் குழாயைப் பீய்ச்சக்கூடாது, மணல் உதிரும். மெதுவாகத் தெளிக்க வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் சுவர் முழுக்க வெடிப்பு ஓடும். பிறகு கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. லேஅவுட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் பசவராஜ். போனை இரண்டு முறை எடுத்தார். அவர் சுவரைக் கெடுத்துவிட்டு, என் சுவருக்குத் தண்ணீர் விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? “மாதேஸ்வரா, நீதான் பாத்துக்கணும்” என்று மட்டும் சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

காரியங்களுக்காகச் சிவகுமார் ஊரிலேயே தங்கிவிட்டான். மற்றவர்கள் சில நாள் கழித்துத் திரும்பினார்கள். சேகரன் பஸ் இறங்கி நேரே கட்டடத்துக்குப் போனார். வீட்டைச் சுற்றி வரும்போது கால் தயங்கியது.

கிழக்குச் சுவர் ஈரத்தில் கறுத்து நின்றது. மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். மயிரிழை வெடிப்பு இல்லை. கண்ணுக்கு நேரே, பூச்சின் கரட்டில் ஒரு மல்லிகை மொட்டு சிக்கியிருந்தது. சற்றுத் தள்ளிச் செவ்வந்தி இதழ்கள், கொஞ்சம் வாழைநார். வழவழப்பான சுவராயிருந்தால் எல்லாம் வழுக்கிக் கீழே போயிருக்கும். பூவுக்குத் தண்ணீர் தெளித்துப் பழகிய கை, அதே வாளியிலிருந்து அதே மாதிரி தெளித்திருக்கிறது.

பசவராஜ் வாசலில் உட்கார்ந்து பூக்கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, எங்க சுவத்துக்கு…”

“மழை பெஞ்சிருக்கும்ரீ.”

“கிழக்குச் சுவத்துக்கு மட்டுமா?”

“மழைகிட்ட யாரு கேள்வி கேக்கறது?” அவர் கூடையைக் கவிழ்த்தார். “பாவம், அந்தப் பையன் எப்படி இருக்கான்? நீங்க ஊட்டா பண்ணீங்களா, சாப்புட்டீங்களா?”

“இன்னும் இல்லைங்க. உங்க சுவரையும் சரி பண்ணணும்.”

“பையன் வரட்டும். துக்க வீட்டுக்காரங்ககிட்ட வேலை வாங்கறதா? விடுங்க.”

மேலே பேச அவர் இடம் கொடுக்கவில்லை. சேகரனும் வற்புறுத்தவில்லை. சில உதவிகளைப் பெயர் சொல்லி அழைத்தால் கூசிப்போகும் என்று அவருக்குத் தோன்றியது. கொடுத்தவன் மழையின் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்றால், அவனை வெளியே இழுப்பது மரியாதையில்லை.

மறுநாள் விடியுமுன் பசவராஜின் வண்டி, பின்னால் மனைவியும் மடியில் காலிக் கூடைகளுமாகத் தெரு முனையில் திரும்பியது. சேகரன் அரிசி டிரம்மிலிருந்து எடுத்து வந்திருந்த கட்டையை வெளியே எடுத்தார். அதில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. தெறிப்புகளை நனைத்து, பெயின்ட் கீறாமல் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். பெயர்ந்த மூலையில் கலவை அப்பி, சிவகுமார் செய்வதைப் பார்த்திருந்தபடி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முதலில் மேடு பள்ளமாக வந்தது. வழித்துவிட்டு மறுபடி அப்பினார். இது அடுத்தவர் சுவர். அவர் விரும்புவது போல வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து வந்த விடியல்களிலும், வண்டிச் சத்தம் மறைந்த பிறகு, வாளியோடு வந்து அந்த மூலைக்குக் கையால் தண்ணீர் தெளித்தார். வடிவிடம்கூடச் சொல்லவில்லை. மூலை நன்றாக இறுகி உலர்ந்ததும் சந்தன நிறத்தை மெல்லிசாகத் தொட்டு வைத்தார். கட்டையைக் கழுவித் துடைத்து, சிவகுமாரின் சாமான் பையின் அடியில் வைத்தார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பசவராஜின் வாசலில் பதிந்திருந்த சேகரனின் ஈரக் காலடிகள், பூ வண்டி திரும்பி வருவதற்கு வெகு முன்பே வெயிலில் காய்ந்துவிட்டன.