தண்ணீர் தெளியும் வரை

“பெஞ்சை இன்னும் கொஞ்சம் செவரோரமாத் தள்ளுங்க. தண்ணி அந்தப் பள்ளத்துக்குப் போவட்டும்,” என்றார் சித்தப்பா நல்லசிவம்.

அப்பாவின் உடலைப் பெஞ்சில் கிடத்தினார்கள். நேற்றுக் காலை போனில், “சாப்பிட்டியா மது?” என்று கேட்டவர். மதுமதிக்கு இன்னும் அழுகையே வரவில்லை. அடி விழுந்த இடம் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது.

பெஞ்சின் கீழே ஓடிய பள்ளம் அப்பாவின் திட்டம். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு முற்றத்தில் ஒரு மழை பெய்தால் போதும், கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். பழைய கார் ஷெட்டை இடித்தபோது, அந்தக் கான்கிரீட்டையே ஜல்லியாக உடைத்துப் பள்ளத்தில் நிரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று அப்பா சண்முகசுந்தரம் முடிவு கட்டினார். தி.நகர் ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் துணி கிழித்த மனுஷருக்கு இதெல்லாம் எதற்கு என்று யார் கேட்பது?

போன வாரம் கேட்டவள் மகள்தான். வடிகால் வேலை பார்க்கும் இன்ஜினியர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா. “பழைய கான்கிரீட்ல சிமென்ட் தூள் இருக்கும்ப்பா. அப்படியே போட்டா ஒரே மழையில அடைச்சிக்கும். தண்ணி தெளியிற வரைக்கும் கழுவணும்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவள் வேலையிடத்தில் கழுவ மெஷின் உண்டு, தண்ணீர் லாரி உண்டு. அதைச் சொல்லத் தோன்றவில்லை. கேட்கிறவருக்கு எழுபத்தொரு வயது என்பதும் தோன்றவில்லை.

“செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னுதான் போனாக. பதினோரு மணிக்குப் பாத்தா விழுந்து கெடக்காக,” என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பங்கஜம் சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியால் வீட்டை விட்டு இறங்காத அம்மா.

எண்ணெய் தேய்க்க அப்பாவின் கையை விரித்தபோதுதான் மதுமதி பார்த்தாள். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. சிமென்ட் தண்ணீரில் ஊறிய கைகளைத் தினமும் பார்க்கிறவள் அவள். செடிக்கு ஊற்றும் தண்ணீர் இப்படிச் செய்யாது.

தண்ணீர் நிற்கட்டும் என்று வேண்டினாள். பெற்ற அப்பாவைக் குளிப்பாட்டும் நேரத்தில் எந்த மகளாவது இப்படி வேண்டுவாளா? அவள் வேண்டினாள். பள்ளம் அடைத்துக்கொண்டு முற்றமெல்லாம் தேங்கினால், அப்பா அவள் பேச்சைக் கேட்கவில்லை என்று ஆகும். செடிக்குத்தான் தண்ணீர் ஊற்றப் போனார் என்று ஆகும்.

ஊர் வழக்கப்படி, குளிப்பாட்டுவதற்கான தண்ணீரை நீர்மாலையாகக் குடங்களில் எடுத்துவந்தார்கள். ஆறு ஏது இங்கே, போர் தண்ணீர்தான். சித்தப்பா ஒரு குடம் சாய்த்தார். இரண்டு, மூன்று. ஏழாவதும் ஆயிற்று. எண்ணெயும் சீயக்காயுமாக வழிந்த தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பள்ளம் தோண்டிய கொத்தனார் மகேஷ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். “நாலு நாளா பக்கெட்டுல அள்ளி அள்ளிக் கழுவிக்கினு இருந்தாரும்மா. வுடு நைனா, நான் பாத்துக்கறேன்னேன். கேக்கல. எம்பொண்ணு சொல்லிக்கீது, தண்ணி தெளியணும்னாரு.”

இந்தப் பேச்சு காதில் விழாத அம்மா அந்தப் பக்கம் வந்து அவள் தோளைத் தொட்டாள். “நீ அடைச்சிக்கும்னியே மது. பாத்தியா, ஒரு சொட்டு நிக்கல. உங்கப்பாதான் ஜெயிச்சாக.” அழுது வீங்கிய முகத்தில் பெருமை இருந்தது.

“மக ஒரு குடம் ஊத்தணும். வா தாயி,” என்று சித்தப்பா குடத்தை நீட்டினார்.

மதுமதி வாங்கிக்கொண்டாள். சாய்க்கக் கை வரவில்லை.

“ஊத்தும்மா,” என்றார் சித்தப்பா. “தண்ணி போயிரும்.”

குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது.